கரி தீர்ந்த கோடை

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் உங்களில் ஒருத்தி, மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்லும்போது, "விஷம் வச்ச வீடு இருக்குதில்ல, அதுக்கு எதிர்ச் சந்து" என்று எழுதியிருந்தாள். நாலைந்து பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தீர்கள். அது என் வீடு என்பது எழுதியவளுக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்குக் கோபம் இல்லை. நாற்பதைத் தொடப்போகிறோம், தலைக்குச் சாயம் பூசுகிறோம், பாதிப் பேருக்கு முட்டி வலி. மறந்துதான் போகும். ஆனால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை. உங்கள் அம்மாக்கள் சொன்னதெல்லாம் தெருவில் நின்று பார்த்தது மட்டும்தான்.

சுனாமி வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், நாம் ஒன்பதாவது முடித்த லீவு. உப்பு நன்றாக விளைந்த கோடை அது. உப்பளங்களில் குவியல் குவியலாக நின்ற வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும். பனை ஓலை போட்டு மூடுவதற்குள் அடுத்த குவியல் எழும்பிவிடும். எதை நக்கினாலும் கரித்தது. கொடியில் காய்ந்த சட்டைகூட.

அப்பா அதற்கு முந்தைய வருஷம்தான் துபாயிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு பணக்கார வீட்டில் பெரிய கடல் மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஈ.சி.ஆரில் எஸ்.டி.டி. பூத் வைத்தார். ஆனால் மனசு பூத்தில் இல்லை. குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதிகளுக்கெல்லாம் இதுபோல் தொட்டி கட்டிக் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாதிரிக்கு ஒன்றை எங்கள் ஹாலிலேயே கட்டினார். டி.வி.யை உள் அறைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆள் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. துபாயிலிருந்து கொண்டுவந்த நீல விளக்கு, இரண்டு மோட்டார், கடல் தண்ணீர்.

உங்களில் சிலர் வந்து பார்த்திருக்கிறீர்கள். பூந்தோட்டம் மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அப்பா சிரித்தார்.

"பூ இல்ல பாப்பா. எல்லாம் உயிரு. சும்மா நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா ஒண்ண ஒண்ணு கொன்னுக்கினே இருக்கும். பக்கத்துல வந்தா கொட்டும். எட்டி இருந்தா தண்ணியில விஷத்த விடும்."

பொய்யில்லை. தோல் மாதிரி தடித்த ஒரு பவளம் இருந்தது. அதன் பக்கத்தில் வைத்த எதுவும் சில நாளில் வெளுத்துச் சுருங்கிவிடும். ஒரு கல்லின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் பழுப்பு நிறத்தில் ஏதோ கூட்டமாக முளைத்திருந்தது. தொட்டால் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கல்லை மட்டும் அப்பா முழங்கை வரை ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் தொடுவார். கேட்டால், "வழுக்கும்" என்பார்.

அந்தக் கற்களை ஒரு கட்டுமரக்காரர் ஈரச் சாக்கில் கொண்டுவந்து தருவார். கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டை நம் பக்கம் பார் என்பார்களே, அந்தப் பாரில் சிக்கிய வலையோடு மேலே வரும் கற்கள்.

"பவளம் கிவளம் வச்சிருந்தா ஃபாரஸ்ட்காரன் உள்ள தூக்கிப் போட்டுடுவானாம்பா. புதுசா சட்டம் வந்திருக்குதாம்" என்றார் அவர் ஒருநாள்.

"இது வெறும் கல்லுபா. உனக்கு எதுக்கு?" என்றார் அப்பா.

இத்தனை விஷத்துக்கு நடுவில் மீன்கள் எப்படி உயிரோடு இருந்தன என்றால், கரியால். துபாயிலிருந்து டப்பா டப்பாவாகக் கொண்டுவந்திருந்தார். மிளகைவிடச் சின்னதாக, பளபளவென்று கறுப்பு மணிகள். அதைக் கழுவுவது என் வேலை. கொல்லையில் உட்கார்ந்து வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டால் சீறும். ஆயிரம் எறும்பு ஒன்றாகப் பேசுவதுபோல் ஒரு சத்தம். கறுப்புத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, நைலான் பையில் கட்டிக் கொடுப்பேன். தொட்டியோடு ஒட்டிய சின்னக் கண்ணாடி அறையில், தண்ணீர் இறங்கும் வழியில் அப்பா அதை வைப்பார். மஞ்சள் தட்டியிருந்த தண்ணீர் மறுநாள் காலையில் இல்லாததுபோல் தெரியும். மீன்கள் காற்றில் மிதப்பதாகத் தோன்றும். மாதத்துக்கு ஒருமுறை பழைய கரியைக் கொட்டிவிட்டுப் புதிது போடவேண்டும்.

"அடுப்புக் கரிக்கும் இதுக்கும் இன்னாப்பா வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வாய் கிடையாது. இதுக்கு உடம்பெல்லாம் வாய். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. விஷம், நாத்தம், கலரு எல்லாத்தையும் உள்ள இழுத்து வச்சிக்கும். வயிறு ரொம்பிடுச்சுன்னா அவ்ளோதான், தூக்கிப் போட்டுடணும்."

அப்பா என்னிடம் பிரியமாகப் பேசியது அந்தத் தொட்டி முன்னால் மட்டும்தான். அங்கிருந்து நகர்ந்தால் அவர் கை பேசும்.

சித்தி அந்தப் பொங்கலுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அம்மாவின் ஒரே தங்கை. அவள் புருஷன் உலக்கையால் அடித்ததில் இடது மணிக்கட்டு உடைந்து, கோணலாகவே கூடியிருந்தது. கோணல் கையோடு விடியும் முன் உப்பளத்துக்குப் போவாள். பலகையால் உப்பு வாரிவிட்டுப் பத்து மணிக்கு வருவாள். பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. வந்ததும் சமையல். எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்பு ஓரம் குந்தி, மிச்சம் இருப்பதைத் தின்பாள். அவள் சாப்பிட்டதை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

கோடை நடுவில் கரி தீர்ந்தது. துபாயில் இருந்த சிநேகிதன் அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை. அப்பா இஸ்திரி போடுபவரிடம் கரி வாங்கி வந்து, உடைத்து என்னைக் கழுவச் சொன்னார். கை தோல் உரியக் கழுவினேன். தொட்டிக்குள் போட்டதும் தண்ணீர் சாம்பல் நிறமாகிவிட்டது.

"கழுவச் சொன்னா இன்னாடி புடுங்கின?" என்று தொட்டித் தண்ணீரை உறிஞ்சும் பச்சை ரப்பர் குழாயை எடுத்தார். முதுகில், தொடையில், குறுக்கே வைத்த கையில் விழுந்தது. ரப்பர் குழாய் அடி வலிப்பதற்கு முன் சுடும்.

அடுப்படியிலிருந்து வந்த சித்தி குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"வயசுக்கு வந்த பொண்ணு மாமா. கைய எடுங்க."

"விடுடி."

"நீங்க விடுங்க."

இழுத்தார். கோணல் கை என்றாலும் உப்பு வாரும் கை. விடவில்லை. கடைசியில் அவர்தான் விட்டார். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் தங்கியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "புருஷன வுட்டுட்டு வந்தவ ஆம்பளைய எதுத்து நிக்கிறா. இது எங்க போய் முடியுமோ" என்றாள்.

கரி இல்லாத தொட்டி வாரத்துக்குள் மஞ்சளாகி, பிறகு நாற ஆரம்பித்தது. மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. எனக்குப் பிடித்த நீல மீன் கண்ணாடியில் மோதி மோதி வாய் கிழிந்து செத்தது. மிச்சமிருந்த மீனும் செத்த அன்று, அப்பா ரப்பர் உறை போட்டுக்கொண்டு அந்தப் பொத்தான் கல்லை வெளியே எடுத்தார்.

"எல்லாம் இதோட வேல" என்றார். "வேக வச்சா மேல இருக்கிறது செத்துடும். கல்லு மிஞ்சும்."

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. சித்தி வைத்த சங்கரா மீன் குழம்பு. அவள் குடங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கப் போய்விட்டாள். கடல் காற்றில் அடுப்பு அணைகிறது என்று அப்பா ஜன்னலைச் சாத்தினார். பெரிய குண்டானில் தண்ணீர் விட்டுக் கல்லை இறக்கினார். அத்தை அடுப்படி வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஹாலில், செத்த மீன்களைப் பேப்பரில் பொதிந்துகொண்டிருந்தேன். நண்டு அழுகியதும் முடி கருகியதும் கலந்ததுபோல் ஒரு நாற்றம் ஆவியோடு வந்தது. நாக்கில் பழைய செப்புக் காசை வைத்ததுபோல் கசந்தது.

முதலில் அத்தைக்கு இருமல். பிறகு அம்மாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. சாயங்காலத்துக்குள் நாலு பேரும் தரையில் கிடந்தோம். எலும்பையெல்லாம் யாரோ முறுக்குவதுபோல் வலி, மூச்சு பாதியில் நின்றது. தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த சித்திதான் கத்தித் தெருவைக் கூட்டினாள். வேன் பிடித்தவளும் அவள்தான்.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. என்னைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மூக்கில் குழாய் இறக்கினார்கள். அப்பாவின் ரப்பர் குழாயே தேவலை என்று தோன்றியது. குழாய் வழியாகக் கறுப்பாக எதையோ ஊற்றினார்கள். வாந்தியும் கறுப்பு, தலையணையும் கறுப்பு.

"கரித்தூள்மா, பயப்படாத. வயித்துல விஷம் இருந்தா இழுத்துக்கும்" என்றாள் சின்ன வயசு டாக்டர்.

"எங்க மீன் தொட்டியில போடுற கரியா?"

"அந்த மாதிரிதான்."

"தொட்டியில இருந்த கல்ல அப்பா வேக வச்சாரு டாக்டர். அதுலருந்துதான் நாத்தம் வந்துச்சு."

டாக்டர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடியபடியே சொன்னார். "ஜுரத்துல உளறுது. தொட்டியில நாலு கோல்டு ஃபிஷ் இருக்குது மேடம், வேற ஒண்ணும் இல்ல."

நான் உளறுகிறேன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். தொட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?

"சமைச்சது யாரு?" என்று டாக்டர் கேட்டாள்.

ஆக்ஸிஜன் மூடியை விலக்கி, அத்தை பதில் சொன்னாள். "இவன் மச்சினிச்சி. அவ மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறா பாருங்க."

அத்தை ஏற்கெனவே மூச்சிழுப்புக்காரி. விடிவதற்குள் போய்விட்டாள்.

எனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்ததால் காலையில் பெரியப்பா தன் வண்டியில் ஊருக்கு அழைத்துப் போனார். அவர் அப்பாவின் அண்ணன், எதிர்வீடு. வீட்டு வாசலில் இறங்கியதும் உள்ளே போய், ராத்திரியே வேனில் திரும்பியிருந்த சித்தியை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய இரண்டு மகன்களும் சேர்ந்துகொண்டார்கள். சுவரோரம் சாத்தியிருந்த அவளுடைய உப்புப் பலகையாலேயே அடித்தார்கள். முதல் அடி இடுப்பில் விழுந்தது. மரம் எலும்பில் படும் சத்தம் எனக்கு இன்றும் தனியாகத் தெரியும். தெரு முழுக்க நின்றது.

"என் தங்கச்சிக்கு இன்னாடி வச்ச?"

"நானும் அதத்தான் தின்னேன்" என்றாள் சித்தி.

"நீ தின்னத எவன் பாத்தான்?"

யாரும் பார்க்கவில்லை. பெரியப்பா உள்ளே போய் மீன் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தார். "தின்னு. இப்ப தின்னு. எல்லாரும் பாக்கட்டும்."

சித்தி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயோரம் ரத்தம். சட்டியில் கையை விட்டு மீனை எடுத்தாள், முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள், தின்றாள். அவசரப்படவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். நானும் கையை விட்டேன். வாயில் கசப்பு போகவில்லைதான். ஆனாலும் புளியும் மிளகாயும் தெரிந்தன. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. அன்றும் ருசியாகத்தான் இருந்தது. சித்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முள்ளில்லாத துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினாள்.

பெரியப்பா என் சடையைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். திண்ணையில் மோதித் தோள்பட்டை எலும்பு விரிசல் விட்டது. நீங்கள் என்னைக் கையில் கட்டோடு பார்த்தது அதனால்தான், ஆஸ்பத்திரியில் விழுந்ததால் அல்ல.

சித்தி சட்டியை வழித்துத் தின்று முடித்தாள். எல்லோரும் அவள் சாய்வதற்காகக் காத்திருந்தார்கள். அவள் சாயவில்லை.

"முறிவு மருந்து குடிச்சிருப்பா" என்றான் அவருடைய மூத்த மகன். பலகையை மறுபடி ஓங்கினான்.

அப்போதுதான் சித்தி எழுந்தாள். காலிச் சட்டியைத் தூக்கிப் பெரியப்பாவின் முகத்தில் அடித்தாள். சட்டியும் உடைந்தது, அவருடைய முன்பற்களும் உடைந்தன. அதன் பிறகு அவளை என்ன செய்தார்கள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் பலர் அங்கே இருந்தார்கள். போலீஸ் வந்தபோது அவளை நாலு பேர் தூக்கித்தான் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது.

பிரேதப் பரிசோதனையில் விஷம் எதுவும் கிடைக்கவில்லை. விஷம் வைத்ததற்கு ஆதாரம் இல்லை, பல்லை உடைத்ததற்கு இருந்தது. அதற்காக மாசக்கணக்கில் ஜெயிலில் இருந்தாள்.

அப்பா வீடு திரும்பிய அன்றே ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு, தொட்டியில் இருந்த எல்லாவற்றையும் சாக்கில் கட்டி உப்பங்கழியில் கொண்டுபோய்க் கொட்டினார். அம்மாவுக்கு மூச்சு பழையபடி திரும்பவேயில்லை. "என் தங்கச்சி வைக்க மாட்டா" என்று முதல் நாள் சொன்னாள். பிறகு கட்டிலைச் சுற்றி அப்பா வீட்டு மனுஷர்கள் உட்கார்ந்தார்கள், அப்புறம் அவள் சொல்லவில்லை. ஜெயிலிலிருந்து வந்த சித்தி நேராக எங்கள் வாசலுக்குத்தான் வந்தாள். அம்மா ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீயே சொல்லுடி. வச்சியா?" என்று கேட்டாள். சித்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பேசவில்லை. அம்மா இறந்தபோதும் சித்தி வரவில்லை.

இரண்டு மாதம் முன்பு, சென்னையில் என் பையனுக்கு மீன் வாங்க ஒரு கடைக்குப் போனேன். உள்ளே கடல் தொட்டி. நீல விளக்கு. கல்லின் மேல் அதே பழுப்புப் பொத்தான்கள். கடைக்காரர் வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கையுறை இல்லாம தொடாதீங்க சார். முக்கியமா வெந்நீர்ல போட்டுடாதீங்க. ஆவி பட்டா வீட்டுல இருக்கிற அத்தன பேரும் ஆஸ்பத்திரிதான்."

பையனுக்கு மீன் வாங்கவில்லை. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஊருக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுக்கக்கூட இல்லை.

"தொட்டா விஷம்னு தெரியும். ஆவிக்கும் ஆகும்னு தெரியாது. ஆஸ்பத்திரியில நீ சொன்னப்பதான் புரிஞ்சுது."

"புரிஞ்சுதா? அப்புறம் ஏன்?"

"பவளம் வச்சிருந்தா ஜெயிலுன்னாங்க. அக்கா வேற செத்துப்போச்சு. நான் உள்ள போயிட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"சித்தி போனாங்களே."

"அவளுக்கு இன்னா, புருஷனா புள்ளையா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணக்குப் பார்த்து நியாயமாகத்தான் நடந்துகொண்டதாக இத்தனை வருஷமும் நம்பியிருக்கிறார்.

நான் அவரை அறைந்தேன். மூக்குக் கண்ணாடி தெறித்துத் தெருவில் விழுந்தது. நான் எடுத்துத் தரவில்லை.

விசாரித்துச் சித்தியைத் தேடிப் போனேன். பாண்டி பக்கம் இடையஞ்சாவடியில் தனியாக இருக்கிறாள். பக்கத்தில் ஒரு விடுதியில் சமையல் வேலை. என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் நறுக்கினாள்.

"நான் வைக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி. கல்லு வச்சுதா மண்ணு வச்சுதான்னு தெரிஞ்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

பிறகு கத்தியைக் கழுவி வைத்தாள். "உங்கப்பன் என்கிட்ட சொல்ல வேணாம். அவன் அண்ணன்கிட்ட சொல்லட்டும். வா" என்று செருப்பை மாட்டினாள்.

மரக்காணத்தில் இறங்கி நடந்தோம். சித்தி எங்கள் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அப்பா எழுந்தார். எதிர்வீட்டிலிருந்து பெரியப்பா ஊன்றுகோலோடு வெளியே வந்தார். முன்பல் இல்லாத வாய் இப்போது மொத்தமாகவே பொக்கை.

"சொல்லுங்க" என்றாள் சித்தி.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கல், வெந்நீர், சாத்திய ஜன்னல், டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாமே. பெரியப்பாவுக்குக் காது மந்தம். பாதியில், "சத்தமா சொல்லு" என்றார். அப்பா மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

"என் தங்கச்சிய நீ கொன்னியா?" என்றார் பெரியப்பா.

"தெரியாம நடந்துச்சுண்ணா."

"என்னைய வச்சு அந்தப் பொண்ண அடிக்க வுட்டியா?"

ஊன்றுகோல் அப்பாவின் நெற்றியில் விழுந்தது. பிறகு காதோரம். பிறகு விழுந்து கிடந்தவரின் விலாவில். எண்பதை நெருங்கும் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தெரு அன்றுபோலவே நின்று பார்த்தது. யாரும் பிடிக்கவில்லை. நான்தான் போய்ப் பெரியப்பாவின் இடுப்பைக் கட்டி இழுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அப்பாவின் புருவம் பிளந்து, ரத்தம் என் புடவையெல்லாம்.

ஆட்டோ வைத்து அப்பாவை அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சித்தியைக் காணவில்லை. ஈ.சி.ஆருக்கு ஓடினேன். பாண்டி பஸ் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இருந்து பாக்கலையா சித்தி?"

"அவன் அடி வாங்குறத பாத்து எனக்கு இன்னா ஆவப்போவுது?"

என் புடவையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். தன் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனவளின் கை அப்படியே நின்றது.

"அக்கா இருந்தப்ப சொல்லியிருக்கலாமேடி அவன்" என்றாள். "அக்காவுக்குத் தெரியாமலே போயிடுச்சே."

பலகையால் அடித்த அன்று அவள் அழுது நான் பார்க்கவில்லை. இப்போது, நடு ரோட்டில், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். அதை விட்டுவிட்டோம். அடுத்து வந்ததையும் விட்டுவிட்டோம்.